பத்தே முக்கால் வரை தமயந்தி

வீரபத்திரன் குள்ளம், ஒடிசலான உடம்பு. அதனால்தான் கோடம்பாக்கத்தில் பதினொரு வருஷம் கதாநாயகிகளுக்கு டூப் போட்டான். மாடியிலிருந்து புடவையோடு குதிப்பதும், ஓடுகிற குதிரையிலிருந்து பாவாடை தாவணியோடு விழுவதும் அவன்தான். முதுகில் அடிபட்டுத் திருத்தணிக்குத் திரும்பிய பிறகு, உயிருக்கு ஆபத்து உள்ளவர்களுக்குக் காவல் போனான். கூடவே நடக்கிற காவல் இல்லை. அவர்களைப் போலவே வேஷம் கட்டிக்கொண்டு, அடி விழ இருக்கிற இடத்துக்குத் தானே போய்விடுவான். ஒரு ரைஸ்மில்காரர், ஒரு பஞ்சாயத்துத் தலைவர் என்று இதுவரை இரண்டு பேர். இருவர் மேலும் ஒரு கீறல் விழவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் நிமிரும்.

1977 ஆடி மாதம் அவனைத் தேடி வந்தவள் தமயந்தி. ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறவள், முப்பத்தைந்து வயது. ஆந்திராவிலிருந்து சாராயம் கடத்தும் கஜபதி, கே.ஜி.கண்டிகையில் தன் ஜீப்பை மறித்த போலீஸ்காரர் எல்லப்பன் மேல் பட்டப்பகலில் வண்டியை ஏற்றினான். எல்லப்பனுக்கு ஒரு கால் போய்விட்டது. ஜீப்பை ஓட்டியது கஜபதிதான் என்பதைப் பார்த்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் அடி வாங்கி வாயை மூடிக்கொண்டார்கள். மிச்சம் தமயந்தி.

"வெள்ளிக்கிழமை திருத்தணி கோர்ட்டுல சொல்லணும்ண்ணா. பஸ்ஸுலயே தூக்கிடுவோம்னு சொல்லி அனுப்பிச்சிகிறான்."

"சொல்லாம இருந்துட்டா?"

"அந்த மனுஷன் கட்டையை ஊனிகினு எங்க ஷெட்டு வாசலாண்டதான் தெனம் போறாரு. நான் எந்தப் பக்கம் பாக்கறது?"

வீரபத்திரன் ஒப்புக்கொண்டான். மூன்று நாள் அவள் நடப்பதையும் நிற்பதையும் பார்த்தான். தறியில் நின்று நின்று அவளுக்கு வலது தோள் இறங்கியிருந்தது. பையை இடது கையில்தான் பிடித்தாள். பக்கத்துத் தறியின் இரைச்சலில் வலது காது மந்தம். அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பவே மாட்டாள். இதையெல்லாம் அவன் மனதில் ஏற்றிக்கொண்டான். அவன் மனைவி ஜெயம்மா புடவை கட்டிவிட்டு, நடக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"எல்லாம் சரி. சடைக்கு இன்னா பண்ணுவ?" என்றாள்.

தமயந்தியின் சடை இடுப்பைத் தாண்டும். ஊரில் அவளை அடையாளம் சொல்கிறவர்கள் அதைத்தான் சொல்வார்கள். அந்த நீளத்துக்குச் சவுரி எங்கும் கிடைக்கவில்லை. தமயந்தி தன் சடையை முன்னால் இழுத்துப் பார்த்தாள்.

"முருகனுக்கு முடி எறக்கினவளா நான் போறேன். இந்தச் சடையை நீங்க கட்டிக்கங்க. உங்களையும் நம்புவானுங்க, என்னையும் அடையாளம் தெரியாது."

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே அவள் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மஞ்சள் புடவையில், மலைக்கு நடந்து போகும் ஐந்தாறு பெண்களோடு சேர்ந்துகொண்டாள். வீரபத்திரன் மீசையை எடுத்துவிட்டு, அவள் சடையைக் கட்டிக்கொண்டு, ஆர்.கே.பேட்டையில் எட்டரை மணி டவுன் பஸ்ஸில் ஏறினான். முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு ஜன்னலோரம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தான்.

கே.ஜி.கண்டிகையில் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவன் அவனுக்கு வலப்பக்கம் வந்து நின்று, மெதுவாக, "தமயந்தி" என்றான்.

எந்த மனிதனுக்கும் தலை அசைந்திருக்கும். வீரபத்திரனின் இமைகூட அசையவில்லை. "காது மந்தம்டா, அவதான்" என்று ஒருவன் மற்றவனிடம் சொன்னது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. உள்ளுக்குள் அவனுக்கு ஒரு சந்தோஷம். பதினொரு வருஷத்தில் எந்த டைரக்டரும் அவன் நடிப்பை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

திருத்தணிக்கு முந்தைய வளைவில் பஸ்ஸை நிறுத்தி அவனை இறக்கினார்கள். கரும்புத் தோட்டத்துக்குள் இன்னொருவன் காத்திருந்தான். மூன்று பேரையும் வீரபத்திரன் அப்போதே சாய்த்திருக்க முடியும். ஆனால் மணி ஒன்பதரைதான் ஆகியிருந்தது, கோர்ட்டில் பத்தே முக்கால் வாக்கில்தான் அவளைக் கூப்பிடுவார்கள். வேஷம் இப்போது கலைந்தால் ஒருவன் ஓடிப்போய்க் கோர்ட்டு வாசலில் நிற்பான். தமயந்தி சாட்சிக் கூண்டில் ஏறும் வரைக்கும் இவன் தமயந்தியாகவே இருந்தாக வேண்டும்.

அவன் வரப்பில் குந்தி, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தோளைக் குலுக்கி அழுதான்.

"கோர்ட்டுக்குப் போவியா?"

இல்லையென்று தலையாட்டினான். நம்பாமல் அறைந்தார்கள். கன்னத்தில் இரண்டு, முதுகில் ஒரு உதை. அதே பழைய முதுகு. கையை ஓங்கத் துடித்த தோளை அவன் தமயந்தியின் தோளைப் போலக் கீழே இறக்கி வைத்துக்கொண்டான். ஒருவன் விளையாட்டாகக் கரும்பால் முழங்கையில் அடித்தபோது எலும்பு விட்டுப்போன சத்தம் அவனுக்கே கேட்டது. அப்போதும் குரல் வெளியே வரவில்லை. குரல் வந்தால் அது ஆண் குரல். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

தூரத்தில் அரக்கோணம் பாசஞ்சர் ஊதியது. பத்தே முக்கால்.

வீரபத்திரன் எழுந்து, புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டான். சடையைக் கழற்றிப் பத்திரமாக வரப்பில் வைத்தான். மூன்று பேரும் வாயைப் பிளந்து நின்ற அந்த நேரம் அவனுக்குப் போதும். ஒரு கையில் ஒரு முழுக் கரும்புதான். முதலாவது ஆள் முழங்காலில் அடி வாங்கி விழுந்தான், இரண்டாவது ஆள் கழுத்தில். மூன்றாவது ஆள் ஓடியேவிட்டான்.

அதே நேரம் கோர்ட்டில் தமயந்தியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மொட்டைத் தலையோடு ஒருத்தி கூண்டில் ஏறியதும், எதிரே நின்ற கஜபதி சத்தமாகச் சொன்னான்:

"அய்யா, இது தமயந்தி இல்ல. அவ வர மாட்டா."

மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்தார். "வர மாட்டாங்கன்னு உமக்கு எப்படித் தெரியும்?"

கஜபதி தன் வக்கீலைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தமயந்தி கையெழுத்துப் போட்டுக் காட்டினாள். பழைய வாக்குமூலத்தில் இருந்த அதே கையெழுத்து. பிறகு, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். ஜீப்பின் நிறம், நின்ற இடம், ஸ்டீயரிங்கில் இருந்த முகம். "இவருதானுங்க" என்று கஜபதியை நோக்கிக் கை நீட்டினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லப்பன் ஊன்றுகட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். உட்காரும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் வீரபத்திரனுக்குக் கட்டுப் போடும்போது ஜெயம்மா அழவில்லை. கோபமாகத்தான் கேட்டாள்.

"திருப்பி அடிக்காம அத்தினி நேரம் எப்படிய்யா உட்காந்திருந்த?"

"அடிக்கறது சுலபம் ஜெயா. எவன் வேணா அடிப்பான்."

 ஜெயம்மா அவன் மேலுதட்டைத் தடவிப் பார்த்தாள். "மீசை இல்லாமயும் நீ ஆம்பளைதான்யா" என்றாள்.

ஒரு மாதத்தில் கஜபதிக்கு மூன்று வருஷம் தீர்ப்பானது. அடுத்த வாரம் தமயந்தி கூப்பிட்டு அனுப்ப, கையில் கட்டோடு வீரபத்திரன் ஆர்.கே.பேட்டைக்குப் போனான். புடவை கட்டியவன் என்று நாலு பேர் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனான். தமயந்தி பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தாள். தலையில் அரை விரற்கடை முடி. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளவில்லை.

இருவரும் தறித் தெருவுக்குள் நுழைந்தார்கள். முதல் ஷெட்டில் தறி நின்றது. பிறகு அடுத்தது. பகலில் ஒருநாளும் ஓயாத அந்தத் தெரு, ஒவ்வொரு ஷெட்டாக அடங்கியது. நூல் தூசு படிந்த முகங்கள் வாசலுக்கு வந்து நின்றன. யாரும் கை தட்டவில்லை. ஒரு பெரியவர் மட்டும் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

வீரபத்திரனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"நேரா பாத்து நடங்கண்ணா" என்றாள் தமயந்தி. "எல்லாம் நம்மாளுங்கதான்."

அவன் நேராகப் பார்த்து, தன் நடையிலேயே நடந்தான்.