நாலாவது தோள்

என் வீட்டுக்காரர் அய்யாசாமிக்கு நாலு பேர் முன்னால் நாக்குத் திக்கும். ரங்கூன் துறைமுகத்தில் அரிசி மூட்டையை அநாயாசமாகத் தூக்குகிற மனுஷன், பேசச் சொன்னால் வேர்த்துவிடுவார். அவர்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் வருஷம் கூலிகளுக்கு ஒரு சங்கம் வைக்கக் கிளம்பினார்.

காரணம் தங்கவேலு. கூலிகள் குடியிருக்கும் எங்கள் லைனில் தனியாகக் குடியிருந்தவன், காய்ச்சலில் செத்துப்போனான். ஒருநாள் கூலி போய்விடும் என்று மற்றவர்கள் வரவில்லை; பாடை தூக்க என் வீட்டுக்காரரோடு சேர்த்து மூன்று பேர்தான் தேறினார்கள். வெயில் ஏறும்வரை இன்னொரு தோளுக்காகக் காத்துக் கிடந்தோம். கடைசியில் மொஹிங்கா என்கிற மீன்சாற்றுச் சேமியா விற்கிற பர்மாக்காரர் கோ பா தீன் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் சோறு தொடவில்லை.

"இனிமே நம்மாளு ஒருத்தனும் இப்படிப் போகக்கூடாது, பவுனு" என்றார். திக்கவே இல்லை.

ஆள் சேர்க்க அவர் செய்த கூத்தைக் கேளுங்கள். துறைமுக ஆபீஸ் கிளார்க் ராஜரத்தினத்திடம் கோட்டும் பூட்ஸும் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, பேர் எழுத ஒரு நோட்டோடு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கூலி லைனுக்குப் போனார். கோட்டு போட்டால் மதிப்பார்களாம்! ஐந்தே நிமிஷத்தில் லைன் காலி. கூலிக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி அனுப்பிய ஆள் என்று நினைத்துப் பின்பக்கமாக ஓடிவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. இப்படி ஒரு கோட்டுக்காரனிடம் கைநாட்டு வைத்துத்தானே எல்லோரும் கப்பலேறினோம்.

திரும்பி வந்தவர் பூட்ஸைக் கழற்றினார். குதிகாலெல்லாம் கொப்புளம்.

"எனக்கு இதெல்லாம் வராது. விட்டுருவோம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தங்கவேலுவைக் கோட்டு போட்டுக்கிட்டா தூக்குனீங்க? மூட்டை தூக்குற ஆளு, மூட்டை தூக்குற ஆளாவே போங்க. திக்குனா திக்கட்டும். அன்னைக்கு எங்கிட்டச் சொன்னதை அங்க சொல்லுங்க, போதும்."

கொப்புளத்துக்கு எண்ணெய் தடவியதும் நான்தான். அந்த மனுஷன்மேல் எனக்கு அப்படியொரு பிரியம்.

அடுத்த ஞாயிறு கைலியும் தோளில் துண்டுமாக அதே லைனின் தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். துணிக்கூடையோடு நானும் பின்னால் போனேன். பத்துப் பதினைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"எ... எனக்குப் பேச வராது" என்று ஆரம்பித்தார். "தங்கவேலு செத்தப்போ தூக்க மூணு பேருதான் இருந்தோம். இனி உங்கள்ல யா... யாருக்கு என்ன ஆனாலும் நான் வருவேன். நான் செத்தா நீங்க வாங்க. அவ்வளவுதான்."

குழாய் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் மாரிச்சாமி என்கிற நெட்டையன், தலையில் சோப்பு நுரையோடு எழுந்து வந்தான். இவர் பக்கத்தில் நின்று, ஈரத் தோளை இவர் தோளோடு ஒட்டிவைத்துப் பார்த்தான். பாடை தூக்குகிறவர்கள் ஒரே உயரமாக இருந்தால்தானே பாரம் சாயாது.

"நீங்க என்னைவிட நாலு விரக்கடை குட்டைண்ணே" என்றான்.

இவர் முகம் தொங்கிவிட்டது.

"அதுக்கென்ன, நான் குனிஞ்சுக்கிறேன்."