இரண்டு இடத்தில் ஒரு முகவரி

மச்சானிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறவன் பழம் வாங்கிக்கொண்டு போவதா, சும்மா போவதா என்ற யோசனையிலேயே பாதி வழி கழிந்தது. கடைசியில் சும்மாதான் போய் நின்றான் மென்பொருள் நிறுவன முதலாளி. முதலாளி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். துணிக்கடை மாடியில் இரண்டு அறை, நான்கு பேர், மக்கர் செய்யும் ஏசி.

அந்த நால்வரில் ஒருவனாக இருந்தவன்தான் மச்சான், மனைவியின் தம்பி. எதைச் சொன்னாலும் பலகையில் கட்டம் போட்டு விளக்குவான். அதனால் பெயரே 'கட்டம்'.

போன வருடம், நோயாளிகளின் வீடுகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் நிறுவனம் ஒன்று இவர்களுக்கு வேலை தந்தது. தகவலை எப்படிச் சேமிப்பது என்பதில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. நோயாளிகளுக்கு ஓர் அட்டவணை, நர்ஸ் வருகைகளுக்கு ஓர் அட்டவணை, இரண்டுக்கும் இணைப்பு. முகவரி ஒரே இடத்தில் இருக்கட்டும் என்றான் மச்சான். அட்டவணையே வேண்டாம், ஒவ்வொரு வருகையையும் முகவரியோடு சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டால் நர்ஸின் போனில் கண் இமைப்பதற்குள் திறக்கும் என்றான் இவன்.

"அவங்க வீடு மாறினா என்ன அத்தான் பண்ணுவீங்க? ஒவ்வொரு பொட்டலமா பிரிச்சு மாத்துவீங்களா?"

"உடம்பு முடியாதவங்க எங்கடா வீடு மாறப் போறாங்க? நீ கட்டம் போட்டு முடிக்கறதுக்குள்ள அவங்களுக்கே குணமாயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தான். கொஞ்ச நாளில் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

உடம்பு முடியாதவர்கள்தான் வீடு மாறுகிறார்கள் என்பது இவனுக்குப் பிறகுதான் உறைத்தது. தனியாக இருந்த வயதான தையல்காரர் ஒருவரை மகள் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். நர்ஸ் நிறுவனத்தில் அவர் பெயரில் புது முகவரியும் பதிந்தார்கள். ஆனால் முன்பே குறித்து வைத்த வருகைகளுக்குள் பழைய முகவரிதான் உட்கார்ந்திருந்தது. கால் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போன நர்ஸ் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினாள். மறுமுறையும் அதே கதை. மகள் போன் செய்தால், வருகை பதிவாகியிருக்கிறது, வந்துவிடுவார் என்று பதில். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது புண் எலும்பைத் தொட்டிருந்தது. உயிர் தப்பியது, பாதம் தப்பவில்லை.

மச்சான் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் இவன் சொல்லி முடித்தான். 'அன்றைக்கே சொன்னேனே' என்ற வார்த்தைக்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தான். அது வரவில்லை. தையல்காரர் இப்போது எப்படி இருக்கிறார் என்றுதான் மச்சான் கேட்டான்.

"உங்க முறையிலயே பண்ணியிருக்கலாம் அத்தான். முகவரியை மட்டும் தனியா வெச்சிருந்தா போதும். அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீங்க ஜோக் அடிச்சிட்டீங்க."

"திரும்பி வந்துடுடா. இனிமே நீ சொல்றதுதான்."

மச்சான் தலையாட்டவில்லை. "இதைச் சரி பண்ணித் தர்றேன். அக்காவைப் பார்க்கவும் வர்றேன். வேலைக்கு மட்டும் கூப்பிடாதீங்க. அன்னிக்கு நானும் சேர்ந்து சிரிச்சிட்டு விட்டுட்டேன். அந்த ரூம்ல வந்து உக்கார முடியாது."



மச்சான் மடிக்கணினியைத் திறந்தான். இன்னும் எந்தெந்த நோயாளிகளின் வருகைகளில் பழைய முகவரி ஒளிந்திருக்கிறது என்று தேடத் தொடங்கினான். அத்தான் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.