கண்டக்டரம்மாவின் குடை

பதினேழாம் எண் வீட்டுக் கூடத்தில் கண்டக்டரம்மா பத்தொன்பது வருடமாகக் குடை பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். சாப்பிடும்போது இடது கையில் குடை இருக்கும். தூங்கும்போது கட்டில் காலில் கட்டி வைத்துவிடுவார். கூரையில் ஒழுக்கு கிடையாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் ஏதோ விழுகிறது என்பார். தண்ணீரா என்றால் இல்லை, தூசியா என்றால் இல்லை. எண்ணுகிற மாதிரி விழுகிறது என்பதற்கு மேல் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. இது ஆரம்பித்தது ஓடும் பேருந்தில். நாற்பத்தைந்தாவது வயதில், நல்ல மத்தியான வேளையில், தொண்ணூறு பேர் நெருக்கியடித்து நின்ற வண்டிக்குள் அவர் குடையை விரித்தார். மூன்று பயணிகளின் மூக்குக்கண்ணாடி போயிற்று. மறுநாள் அவர் வேலையும் போயிற்று. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு டிக்கெட்டைக்கூடத் தப்பாகக் கிழிக்காதவர் என்று எடுத்துச் சொல்ல அன்று ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அவருடைய மகனுக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கும் வேலை. மீட்டரில் ஓடுவதை மட்டுமே நம்புகிற மனிதர். கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். காது வைத்தியர், நரம்பு வைத்தியர் என்று நான்கு பேரிடம் அம்மாவை அழைத்துப்போய் வந்தார். இத்தனை வருடம் நனைந்தும் ஒரு தும்மல்கூட இல்லையே என்று நால்வருமே ஆச்சரியப்பட்டார்கள், மாத்திரையும் எழுதினார்கள். மீட்டர் பார்க்கப் போகிற வாசல்களிலெல்லாம் உங்கள் வீட்டில் மழை விட்டுவிட்டதா என்று கேட்டுச் சிரித்தார்கள். கடைசியில் அவர் நான்கு மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். கூர்மையான பொருட்களுக்கு அங்கே அனுமதி இல்லை. குடை அந்தப் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது. கண்டக்டரம்மா கோபப்படவில்லை, அழவில்லை. "குடை இல்லாம எப்படிடா இருப்பேன்?" என்று மட்டும் கேட்டார். மகனுக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் இல்லத்தின் வண்டி வருகிற தேதியை மாற்றவில்லை.

மருமகள் தையல்காரி. காலர் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால் ஊர்க்கோடியில் இருந்த இயற்பியல் ஆய்வுக்கூடம் அவளை வேலைக்கு எடுத்திருந்தது. மலைக்கு அப்பால் பூமிக்கடியில் ஒரு துகள்முடுக்கி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத துகள்களை வளையக் குழாய்க்குள் ஓட்டோ ஓட்டென்று ஓட்டி மோதவிடுகிற இயந்திரம் அது. மோதலில் சிதறுவதைப் பிடிக்க ஒரு சுவர் வேண்டும். இருநூற்று நாற்பது பிளாஸ்டிக் பலகைகளால் ஆன அந்தச் சுவரைச் செய்து, சோதித்து அனுப்புவது இந்த ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு. ஒரு துகள் ஊடுருவிப் போனால் பலகைக்குள் துளியூண்டு வெளிச்சம் தோன்றும். நுனியில் ஒட்டிய கருவி அதை ஒன்று என்று எண்ணும். வெளி வெளிச்சம் ஊசிமுனையளவு நுழைந்தாலும் எண்ணிக்கை கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு பலகையையும் அலுமினியத் தாளில் சுற்றி, மேலே கறுப்புத் தாளைப் போர்த்தி, மூலைகளைக் காலர் மாதிரி மடித்து ஒட்டவேண்டும். பட்டம் வாங்கிய ஆறு பேர் ஒட்டித் தோற்ற மூலைகளை அவள் ஒரே வாரத்தில் சரிசெய்தாள்.

ஆனால் சோதனைதான் நகரவில்லை. இதே மாதிரித் துகள்கள் வானத்திலிருந்து எல்லோர் தலையிலும் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கின்றன. உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஒன்று விழும். அந்த இலவச மழையில் பலகையை வைத்து, ஒன்று விடாமல் எண்ணுகிறதா என்று பார்ப்பதுதான் வழி. அதுவோ வெறும் தூறல். ஒரு பலகைக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்று மேடைகளிலும் சேர்த்து எல்லாவற்றையும் முடிக்க நூற்றறுபது நாள் வேண்டும், லாரி வர இருந்ததோ நாற்பதே நாள். தவறினால் வளையத்தில் இவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் வேறொரு குழுவுக்குப் போய்விடும். பதினோரு வருடம் இதற்காகவே உழைத்த தலைமை விஞ்ஞானியை எல்லோரும் பெரிய மேடம் என்று அழைப்பார்கள். அவர் ஒருநாள் டேப் ஒட்டுகிற மேஜையருகே உட்கார்ந்து, "மேலேர்ந்து எப்பவும் விழுந்துட்டேதான்மா இருக்கு. நமக்குத் தெரியறதில்ல, அவ்வளவுதான்" என்றார். மருமகளின் கை டேப்பின் மேல் அப்படியே நின்றது.

அன்று மாலை அவள் ஒரு பலகையையும் கையடக்க எண்ணும் கருவியையும் போர்வையில் சுற்றிப் பேருந்தில் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஆய்வுக்கூடத்துப் பொருளை வெளியே எடுப்பது பெரிய குற்றம். இஸ்திரிப் பலகை என்று நினைத்த பக்கத்து இருக்கைக்காரி என்ன விலை என்று விசாரித்தாள். வீட்டில் அத்தையின் நாற்காலிக்கு அடியில் அதை வைத்தாள். ஆய்வுக்கூடத்தில் நிமிடத்துக்கு இரண்டாயிரம் காட்டும் கருவி, அங்கே ஒரு லட்சத்துத் தொண்ணூற்றோராயிரம் காட்டியது.

மறுநாள் அவள் குற்றத்தையும் எண்ணிக்கையையும் சேர்த்தே ஒப்புக்கொண்டாள். நெட்டை என்று பெயரெடுத்த இன்ஜினியர் சிரித்தார். வெளிச்சம் நுழைந்திருக்கும், மூலையில் ஓட்டை இருக்கும் என்றார். "என் மடிப்புல ஓட்டையா? வந்து காட்டுங்க சார்" என்று அவள் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வீட்டுக்கு அழைத்துவந்தாள். நெட்டை கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார், கருவியை மாற்றினார், கம்பிகளை மாற்றினார், வேர்த்து விறுவிறுத்தார். பதினாறாம் எண் வீட்டில் வைத்தால் இரண்டாயிரம், பதினெட்டில் வைத்தால் இரண்டாயிரம். கடைசியில் கண்டக்டரம்மாவையே குடையோடு தெருமுனை பெஞ்சில் உட்கார வைத்தார். மழையும் எழுந்து அவர் கூடவே பெஞ்சுக்குப் போயிற்று. இதற்கு எத்தனையோ காரணங்கள் சொல்லலாம் என்று நெட்டை குறிப்பேட்டில் எழுதினார், ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

பெரிய மேடம் காரணம் கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே சோதனை மேடை பதினேழாம் எண் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. அங்கே ஒரு பலகைக்கு அரை மணி நேரம் போதும். பதினைந்து நாளில் எல்லாம் முடிந்துவிடும். இல்லத்தின் வண்டி வருவது பன்னிரண்டாம் நாள் என்று மருமகள் சொன்னதும் பெரிய மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது.

வேலை ஆரம்பித்தது. கண்டக்டரம்மா மேடைக்கு நடுவே நாற்காலியில் குடையோடு அமர்ந்தார். இரண்டாம் நாளே இன்னொரு விஷயமும் தெரியவந்தது. முப்பத்தொன்றாம் பலகை ஓடிக்கொண்டிருந்தபோது, "இதுல நூத்துக்கு ரெண்டு பேர் டிக்கெட் வாங்காம போறான்" என்றார் அவர். நெட்டை பிரித்துப் பார்த்தார். கருவியை ஒட்டிய பசைக்குள் கடுகளவு காற்றுக்குமிழி இருந்தது. அதற்குப்பின் கருவியை வைத்து அம்மாவைச் சரிபார்ப்பதை விட்டுவிட்டு அம்மாவை வைத்துக் கருவியைச் சரிபார்த்தார்கள். குடை எதற்கு, துகள் துணியையும் துளைத்துக்கொண்டு போய்விடுமே என்று நெட்டை பணிவாகக் கேட்டார். துணியில் பட்டு விழுந்தால் எண்ணுவதற்கு வசதி என்று பதில் வந்தது. ஒவ்வொரு பலகை தேறும்போதும் அவர், "போலாம், ரைட்!" என்று குரல் கொடுப்பார். பத்தொன்பது வருடமாக உள்ளேயே கிடந்த குரல் அது. தெருவில் போன சைக்கிள்கள்கூட ஒருகணம் தயங்கிப் பிறகு நகர்ந்தன.

மகன் இதையெல்லாம் பார்த்தும் பாராததுபோல் வேலைக்குப் போய் வந்தார். பதினோராம் நாள் மாலை, எல்லோரும் கை கழுவப் போயிருந்த நேரத்தில், அவர் மேடையருகே வந்து உட்கார்ந்தார். ஓடுகிற மீட்டரைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. அம்மா கண்ணை மூடிக் குடைக்கடியில் இருந்தார்.

"இந்த நிமிஷத்துல எவ்வளவும்மா?" என்றார்.

"ஒரு லட்சத்துத் தொண்ணூத்தோராயிரத்து நானூத்திப் பன்னெண்டு. இரு, இரு. பதிமூணு."

நிமிடம் முடிந்ததும் கருவி பன்னிரண்டு என்று கணக்குக் காட்டி, மூச்சு விடுகிற நேரத்துக்குப் பின் பதின்மூன்று என்று திருத்திக்கொண்டது. மகன் அதை இன்னொரு முறை கேட்டார், மறுபடியும் கேட்டார். கூட்டமான பஸ்ஸில் எண்ணிப் பழகியவளுக்கு இது ஒரு பெரிய விஷயமாடா என்றார் அம்மா. மகன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆயிரம் வாசலில் மீட்டர் பார்த்தவன், பெற்றவளின் மீட்டரைப் பத்தொன்பது வருடம் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

காலையில் இல்லத்தின் வண்டி வந்து ஹாரன் அடித்தது. மருமகள் கதவுக்குப் பின்னால் கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றாள். அதை வைத்து என்ன செய்வதாக இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மகன் வாசலுக்குப் போய் விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கி நான்காகக் கிழித்தார். ஆள் எங்கே என்று டிரைவர் கேட்டார்.

"எங்கம்மா டியூட்டில இருக்காங்க" என்றார் மகன்.

பதினைந்தாம் நாள் இருநூற்று நாற்பதாவது பலகைக்கு "போலாம், ரைட்!" சொன்னபோது லாரி வர இன்னும் பல நாள் மிச்சம் இருந்தது. பெரிய மேடம் கண்டக்டரம்மாவைக் கட்டிப்பிடித்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார், நெட்டை தன் உயரத்தையும் மறந்து குதித்து மின்விசிறியில் தலையை இடித்துக்கொண்டார். சோதனை அறிக்கையில் இடம் என்ற கட்டத்தில் பதினேழாம் எண் வீட்டுக் கூடம் என்றும், சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் கண்டக்டரம்மா என்றும் இருந்தது. படித்தவர்கள் யாரும் அதை மறுத்து எழுதவில்லை.

ஆறு மாதம் கழித்து முடுக்கியை முதன்முதலாக ஓட்டிய நாளில் கண்டக்டரம்மா, மகன், மருமகள் மூவரையும் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்திருந்தார்கள். நாற்பது பேர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டரம்மா மட்டும் குடைக்கடியில் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று குடையைப் பக்கவாட்டில் திருப்பி, "சாரல் அடிக்குது!" என்றார். அடுத்த நொடி திரையில் சுவர் முழுக்க வெளிச்சம் பற்றிக்கொண்டது. இருநூற்று நாற்பது பலகைகளில் ஒன்றுகூட ஊமையாக இல்லை. அறையே எழுந்து நின்று கத்தியது, காகிதங்கள் பறந்தன, முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். துகள் வந்து சேர்ந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டியவர், குடை சாய்ந்த நேரத்தையே எழுதினார். அன்றிலிருந்து அங்கே அதுதான் வழக்கம்.

மகன் சாரல் வருகிற பக்கமாகவே நின்றுகொண்டு திரையைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உள்ள வாடா. நனையாத."

அவர் குனிந்து குடைக்குள் வந்தார். சின்னக் குடை, அம்மாவின் இடது தோள் வெளியே நனைந்தது.