முன்னால் கூப்பிடப்பட்டவள்

சோதனைச் சாவடிச் சுழல்கதவின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே ரஸ்மிய்யாவின் வாளி மறுபடியும் சிக்கிக்கொண்டது. உப்புநீர் தளும்பி அவளுடைய உடையை முழங்கால்வரை நனைத்தது. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள்.

"தள்ளாதீங்கப்பா! உள்ள இருக்கிறது சீஸ், கல்லு இல்ல!" என்று கத்தினாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்திலிருந்த சின்ன கேட்டைத் திறந்தான் ஓர் இஸ்ரேலியச் சிப்பாய். தலையை நீட்டி, அரைகுறை அரபியில், "உம்மு ஹைதம்! வா, வா" என்றான்.

அப்போதுதான் வந்து வரிசையின் கடைசியில் நின்ற ஹைதமின் அம்மா இக்ராம், தன் இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து அந்த கேட்டுக்குள் போய்விட்டாள். ரஸ்மிய்யா கம்பிகளுக்குள் மாட்டியபடியே அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வயிறு பற்றி எரிந்தது.

இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே தெரு. இரண்டு பேர் வீட்டிலும் ஆடுகள். இரண்டு பேரும் வெள்ளைச் சீஸ் செய்து நாப்லூஸ் நகரத்துக்குக் கொண்டுபோய் விற்பவர்கள். சாவடி இல்லாத காலத்தில் ஒரே வண்டியில் ஒட்டி உட்கார்ந்து, பாதி வழி சிரித்துக்கொண்டே போவார்கள். ஊருக்கும் நகரத்துக்கும் நடுவில் சாவடி வந்த பிறகு சிரிப்பு போயிற்று. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் சரக்கு சரக்காக இருக்கும். அதிலும் குனாஃபா என்ற சீஸ் இனிப்பு விற்கும் கடைக்கார அபு ஷுக்ரி, காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்களிடம்தான் வாங்குவார். பல வருடமாக அது ரஸ்மிய்யாவாக இருந்தது. இப்போது இக்ராம்.

இக்ராமுக்கு அந்த கேட்டு திறந்த கதை ரஸ்மிய்யாவுக்குத் தெரியாததல்ல. கண்ணால் பார்த்தவள் அவள். ஒருநாள் ஒரு சிப்பாய், சோதனை என்ற பெயரில் இக்ராமின் வாளியைக் காலால் கவிழ்த்துவிட்டான். வெள்ளைத் துண்டுகள் புழுதியில் உருண்டன. இஸ்ரேல் பக்கத்திலிருந்து வந்து சாவடியில் நின்று கவனிக்கும் யூதப் பெண்கள் சிலர் உண்டு. யாரைத் தடுக்கிறார்கள், யாரை எவ்வளவு நேரம் நிறுத்துகிறார்கள் என்று பார்ப்பார்கள். அநியாயம் கண்டால் மேலதிகாரிக்குப் போன் போடுவார்கள். அவர்களில் தாஃப்னா என்ற நரைத்த அம்மாள் அன்று விடவில்லை. போன் மேல் போன் போட்டு, அதிகாரி இறங்கி வரும்வரை நின்றாள். அதற்குப் பிறகு, அந்த அம்மாளின் தொல்லைக்குப் பயந்தோ, சலித்தோ, இக்ராமைக் கண்டால் சிப்பாய்கள் முன்னால் விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

தெரிந்திருந்தும் மனசு ஏற்கவில்லை. 'என் வாளியை ஏன் எவனும் கவிழ்க்கவில்லை?' என்றுகூட ஒருநாள் நினைத்தாள். நினைத்த பிறகு அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

அன்று அபு ஷுக்ரி ரஸ்மிய்யாவிடம் கையை விரித்துவிட்டார். "இன்னிக்குப் போதும் உம்மு வலீத், இக்ராம்கிட்ட வாங்கியாச்சு. கொஞ்சம் சீக்கிரமா வரக் கூடாதா?"

விற்காத சீஸோடு திரும்பி வரும்போது வண்டியில் நாலைந்து பெண்கள். ஃபத்ஹிய்யா என்ற பக்கத்து ஊர்க்காரி கேட்டாள்: "ஏன் உம்மு வலீத், அந்த இக்ராமை மட்டும் எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க?"

ரஸ்மிய்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கென்ன தெரியும்? கேட்டு சும்மா திறக்குமா?"

ஒரே ஒரு கேள்வி. வண்டியில் யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

ரொட்டி சுடும் இடத்தில் அந்தக் கேள்வி கொஞ்சம் வளர்ந்தது. காபிக் கடையில் அது பதிலாகவே மாறிவிட்டது. இக்ராம் அவர்களுக்குத் தகவல் சொல்கிறாள், அதற்குக் கூலிதான் அந்த கேட்டு என்றார்கள். அவள் கணவன் சலாம் சொன்னால் பதில் வரவில்லை. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால், வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயத்தில் 'துரோகி' என்று எழுதியிருந்தது. மகன் ஹைதமுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் அப்பா, அபு நிதால், மோதிரத்தையும் துணிமணியையும் ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டார். நேரில்கூட வரவில்லை. அந்தப் பழி ஒரு வீட்டின் மேல் விழுந்தால் கல்யாணம் மட்டுமல்ல, உயிரும் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். இக்ராம் சாவடிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

ரஸ்மிய்யாவுக்கு முதலில் என்ன தோன்றியது என்றால், மகிழ்ச்சி. அதை மறைக்க முடியாது. அபு ஷுக்ரி மறுபடியும் அவளிடம் வாங்கத் தொடங்கினார். சுவரில் எழுதியதைப் பற்றிக் கேள்விப்பட்டபோது திக்கென்றது. 'எழுதினது நான் இல்லையே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இக்ராம் வீட்டைக் கடக்கும்போது மட்டும் தெருவின் மறுபக்கமாக நடந்தாள்.

ஒருநாள் தாஃப்னா வரிசையோரமாக நடந்து வந்து அவளருகில் நின்றாள். "உம்மு ஹைதமைக் கொஞ்ச நாளா காணோமே? உடம்பு சரியில்லையா?"

"தெரியாதும்மா" என்றாள் ரஸ்மிய்யா, முகத்தைப் பார்க்காமல்.

"நீங்களும் சீஸ்தானே கொண்டுபோறீங்க? இந்த வெயில்ல எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?" என்று தாஃப்னா அக்கறையோடு விசாரித்தாள்.

அவர்கள் பேசுவதைச் சிப்பாய் பார்த்துவிட்டான். இன்னொரு போன், இன்னொரு தகராறு வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, சின்ன கேட்டைத் திறந்தான். "ஏய், சீஸ்! நீ வா."

ரஸ்மிய்யா இத்தனை நாள் ஏங்கியது இதற்குத்தானே! வாளிகளைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள். பின்னால் ஃபத்ஹிய்யாவின் குரல் கேட்டது. மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி:

"அவ போனா, இப்ப இவ வந்துட்டா. கேட்டு சும்மா திறக்குமா?"

யாரோ காறித் துப்பினார்கள்.

ரஸ்மிய்யாவின் கால் நின்றுவிட்டது. முன்னால் திறந்த கேட்டு. பின்னால் அவளுக்குத் தெரிந்த அத்தனை முகங்களும். சாயங்காலம் வண்டியில் என்ன பேசுவார்கள், காபிக் கடையில் அது என்னவாகும், மகன் வலீதின் பெயரை யார் வாயில் எப்படிச் சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. இக்ராம் தலையைக் குனிந்துகொண்டு ஓடியதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. தலைக்கனம் என்றல்லவா நினைத்திருந்தாள்!

"வர்றியா இல்லையா?" என்று சிப்பாய் அதட்டினான்.

"வரல."

"அப்ப நில்லு." கேட்டு மூடிக்கொண்டது.

வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். உச்சி வெயிலில் உப்புநீர் சூடேறி, சீஸ் புளித்த வாடை அடித்தது. கதவை நெருங்கும் முன்பே ஊருக்குத் திரும்பிவிட்டாள். வாளிகளைக்கூட இறக்காமல் நேரே இக்ராம் வீட்டு வாசலுக்குப் போனாள். சுவரில் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதற்கு அடியில் சிவப்பு எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

இக்ராம் கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை. காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. வாசலுக்கு வந்தவளை அந்த ஊரில் அப்படி யாரும் நிறுத்துவதில்லை.

"அந்தப் பேச்சை ஆரம்பிச்சது நான்தான்" என்றாள் ரஸ்மிய்யா.

"தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் வந்து என்னைக் கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பே? 'நான் சும்மா ஒரு கேள்விதானே கேட்டேன்'னு சொல்லுவே. அதுவும் உண்மைதானே." இக்ராமின் குரல் உயரவே இல்லை. "ஒவ்வொரு நாளும் அந்த கேட்டைத் தாண்டும்போது உன்னைத் திரும்பிப் பாக்கணும்னு தோணும். பாத்தா என்னால போக முடியாது. அதனால பாக்காமலே போனேன். அது என் தப்பு. ஆனா அதுக்கு என் புள்ளையோட வாழ்க்கையா விலை?"

ரஸ்மிய்யா அன்றே தன் கணவனை அழைத்துக்கொண்டு அபு நிதாலின் வீட்டுக்குப் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கசப்பாகச் சிரித்தார்.

"நல்லா இருக்கு உம்மு வலீத்! ஊரெல்லாம் பரப்பிட்டு, என் வீட்டுல வந்து ஒரு வார்த்தை சொன்னா அழிஞ்சுடுமா?"

"அழியாது. ஊரெல்லாம் போய்ச் சொல்றேன்."

சொன்னாள். வண்டியில் சொன்னாள், ரொட்டி சுடும் இடத்தில் சொன்னாள், வரிசையில் நின்று சொன்னாள். "பொறாமையில சொன்னேன். அவ வாளியைக் கவுத்தப்போ பக்கத்துல நின்னவ நான். தெரிஞ்சேதான் சொன்னேன்." சிலர் நம்பினார்கள். சிலர் இவளுக்கும் பங்கு கிடைத்துவிட்டது போல என்றார்கள். பரப்பியது ஒரே நாளில் நடந்தது. திரும்ப அள்ளுவதற்கு வெயில் காலம் முழுவதும் ஆயிற்று. கடைசியில் அந்தப் பெண்ணே, ஹைதமைத் தவிர யாரையும் கட்டமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்ததால் அபு நிதால் இறங்கி வந்தார். ஒலிவக்காய் பறிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். இக்ராம் மறுபடியும் சாவடிக்கு வரத் தொடங்கினாள். ஆனால் ரஸ்மிய்யாவுக்கு அந்த வீட்டில் இன்னும் காபி கிடைக்கவில்லை.

அப்படி ஒரு காலையில் தாஃப்னா வரிசைக்கு வந்தபோது, நடந்தது அத்தனையையும் ரஸ்மிய்யா எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் சொன்னாள். தாஃப்னாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஒருத்தியையாவது அனுப்பி வெச்சோமேன்னு நான் நிம்மதியா வீட்டுக்குப் போனேன். இந்தப் பக்கம் அது என்ன ஆகும்னு யோசிக்கவே இல்ல" என்றாள்.

"நீங்க நல்லதுதான் பண்ணீங்கம்மா. இனிமே திறக்கச் சொன்னா இந்த வரிசை மொத்தத்துக்கும் சேர்த்துக் கேளுங்க."

"அப்படிக் கேட்டா திறக்கமாட்டாங்க."

"தெரியும். ஆனாலும் அதையே கேளுங்க."

ஃபத்ஹிய்யா குறுக்கிட்டாள். "நல்லா பேசுறே உம்மு வலீத். யாரோ ஒருத்தி சுலபமா போனா, நிக்கிறவளுக்கு வயிறு எரியத்தானே செய்யும்?"

ரஸ்மிய்யா அவள் பக்கம் திரும்பினாள். இக்ராமும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"எரியும். எனக்கும் எரிஞ்சுது. ஆனா எரியிற நெருப்பை யார் மேல கொட்டுறோம்னு பாக்கணும் ஃபத்ஹிய்யா. நம்ம ரோட்டை அடைச்சது முன்னால போறவ இல்ல. அடைச்சவங்களை விட்டுட்டு அவளைக் கடிச்சோம்னா, இந்தச் சாவடியை நாளைக்கே எடுத்தாலும் நம்ம தெருவுக்குள்ள அது நின்னுக்கிட்டேதான் இருக்கும்."