கலகலப்பான ஆள்

மெத்தைக் கடையில் விற்பனையாளனாக இருந்ததால் அவனுக்கு 'மெத்தை' என்றே பெயர் விழுந்துவிட்டது. வாயை வைத்துப் பிழைக்கிற ஆள். புதிதாகக் கல்யாணமானவர்கள் கடைக்கு வந்தால் மாப்பிள்ளையை மெத்தையில் படுக்கவைத்து, "குறட்டை விடுறாரான்னு இப்பவே பார்த்துக்கங்கம்மா, அப்புறம் மெத்தையைத்தான் மாத்தித் தருவோம், ஆளை மாத்த மாட்டோம்" என்பான். சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். சாயங்காலமானால் அந்த வாய்க்குள் சரக்கு போகும்.

மகள் பள்ளிக்கூடம் விட்டுத் தனியாக வரும்போது எதிரே சாலையில் வேன் மோதி விழுந்து, காலில் கம்பி வைத்த பிறகு, மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். "குடியை விடுறவங்க கூட்டம் ஏதாவது ஒண்ணுல நிலைச்சு உட்காரட்டும். அப்புறம் நாங்க வர்றதைப் பத்திப் பேசலாம்" என்று அக்கா புருஷனிடம் சொல்லி அனுப்பினாள். சகலை லாரி ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். தன் வண்டியிலேயே இவனை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு கூட்டமாக அலைந்தார்.

முதலில் போனது ஒரு பெரிய அலுவலகத்தின் மாடி. குளிர்சாதனம், மெத்தென்ற நாற்காலிகள். "அவங்க குடிச்சா மன அழுத்தமாம், நான் குடிச்சா குடிகாரனாம். நமக்கு ஒத்துவராது சகல." அடுத்தது ஒரு மருத்துவமனையின் பின்கட்டு. "உள்ளே போனதும் அழ ஆரம்பிச்சுட்டாங்க. எழவு வீடு கெட்டது போங்க."

"குடியை விட இடம் தேடுறீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடுறீங்களா?" என்றார் சகலை.

மூன்றாவது, டயர் கிடங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ரப்பர் நாற்றம், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஓட்டுநர்கள், கொத்தனார்கள், தையல்காரப் பெண் ஒருத்தி. அங்கே அவன் முதல் நாளே எழுந்து, தான் குடித்துவிட்டு ஒரு காவலாளியோடு மல்லுக்கட்டிய கதையைச் சொன்னான். கொட்டகையே உருண்டு புரண்டு சிரித்தது. மெத்தைக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. வாரம் தவறாமல் போனான். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், அதன் பிறகு அவன் சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அந்தச் சிரிப்பே அவனுக்குப் போதையாக இருந்தது.

அந்தக் கதையை அவன் வீட்டில் சொன்னதில்லை. வீட்டில் சொன்னது வேறு. பிள்ளையைக் கூட்டிவர அவனை அனுப்பியது விபத்து நடந்த அந்த ஒரு நாள் மட்டும்தான். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, "நான் சரியான நேரத்துக்கு வந்தேன், அதுக்குள்ள இவ கிளம்பிட்டா" என்று கூசாமல் சொல்லியிருந்தான்.

குடும்பத்தாரை அழைக்கிற நாள் வந்தது. மனைவி சகலையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கூட்டத்தை நடத்துகிற பஸ் கண்டக்டர், "மெத்தை, அந்தக் காவலாளி கதையை எடுத்து விடு!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். வேறு கதையா இல்லை அவனிடம்? ஆனால் தன் புருஷனை இத்தனை பேர் கொண்டாடுவதைப் பார்த்து மனைவி லேசாகச் சிரித்துவிட்டாள். அவள் அவனைப் பார்த்துச் சிரித்து எவ்வளவோ காலமாயிற்று. பாவி, அதில்தான் மதி கெட்டான்.

"அன்னிக்கு மத்தியானமே முழு போதை. பிள்ளையைக் கூட்டிட்டு வரப் போறேன். கேட்டுல காவலாளி பிள்ளை பேரு கேக்குறான், சொல்றேன். அப்படி யாரும் இல்லைங்கிறான். 'யோவ், பெத்தவன் நான் சொல்றேன், இல்லைங்கிறியா?'ன்னு சட்டையைப் பிடிச்சுட்டேன். டீச்சர் வந்துட்டாங்க, பெரிய டீச்சரும் வந்துட்டாங்க. கடைசியில அந்தக் காவலாளி கையெடுத்துக் கும்பிட்டு, 'ஐயா, இது பசங்க படிக்கிற பள்ளிக்கூடம். இங்க பொம்பளப்பிள்ளையே கிடையாது'ங்கிறான்!"

கொட்டகை அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் மனைவி எழுந்து நின்றாள்.

"அப்போ அன்னிக்கு நீங்க நம்ம பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகவே இல்லையா?"

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"அப்பா வர்றதுக்குள்ள நான்தான் அவசரப்பட்டுக் கிளம்பிட்டேன்னு பிள்ளை தினமும் அழுறா. கால் வலிக்குதாடின்னு கேட்டா, என் தப்புதானேம்மாங்குறா. நானும் அவளைத் திட்டினேன். கொஞ்ச நேரம் நின்னிருந்தா என்னடின்னு திட்டினேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வெளியே போனாள். அவன் பின்னால் ஓடினான். சகலை வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார்.

"ஏறுங்க. இப்ப சொன்னதை அப்படியே பிள்ளைகிட்ட வந்து சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

அவன் கதவுப் பிடியில் கை வைத்தான். ஏறவில்லை.

"கொஞ்சம் போட்டாத்தான் அவ மூஞ்சியைப் பார்த்து என்னால சொல்ல முடியும்" என்றான். "ஒரே ஒரு வாய். அப்புறம் சொல்லிடுறேன்."

சகலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே உட்கார்ந்திருந்த மனைவி அவன் கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டாள். கோபமாகக்கூட எடுக்கவில்லை.

"வேண்டாம். நானே சொல்லிக்கிறேன்."

வண்டி போய்விட்டது. தெருமுனையில் சரக்குக் கடை திறந்திருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு கொட்டகைக்குள் திரும்பிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். போவதற்கு அவனுக்கு வேறு இடம் இருக்கவில்லை.