நிழலைச் சிக்கனம் பிடித்த சலவைக்கடைக்காரர்

சலவைக்கடைக்காரரின் மனைவியை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனபோது அவளுடைய நிழல் அவளோடு போகவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் கிளம்பி, வீட்டைக் கழுவி விட்ட பிறகுதான் அதைக் கவனித்தார்கள். கடையிலிருந்து வரும் துணிகளை அவள் நின்றபடி மடிக்கிற ஜன்னலோர இடத்தில், ஆளில்லாமல் நிழல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. காலையில் மேற்குச் சுவர்வரை நீண்டது, உச்சிப் பொழுதில் தலையணை அளவுக்குச் சுருங்கியது, சாயங்காலம் வாசற்கதவைத் தொட்டது. மற்றபடி அதனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அக்கம்பக்கத்தார் சில நாள் வந்து எட்டிப் பார்த்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் வந்து, குடியிருக்கிறவர்கள் கணக்கில் இதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழம்பி, துக்க வீட்டில் எதற்கு வம்பு என்று திரும்பிப் போனார். அதற்குப் பிறகு தெருவுக்கு வேறு பேச்சு கிடைத்துவிட்டது.

வீட்டில் மிச்சமிருந்தவர்கள் இரண்டு பேர், சலவைக்கடைக்காரரும் அவருடைய மாமியாரும். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலோடு கிடப்பவள். கால்தான் போயிற்றே தவிர வாய்க்கு ஒரு குறையும் வரவில்லை. காபி ஆறிப்போனால் கத்துவாள், ஆறாமல் இருந்தாலும் கத்துவாள். இருந்தவரை மகள் பார்த்துக்கொண்டாள். திடீரென்று வந்த காய்ச்சலில் மகள் போய்ச் சேர்ந்ததும், மருமகன் இந்த அம்மாளை எங்கே கொண்டுபோய்த் தள்ளப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வெளியூரில் இருந்த மாமியாரின் மகன் போனில் "பார்க்கலாம் அத்தான்" என்று சொன்னதோடு சரி. உறவுக்காரர் ஒருவர் மட்டும் நேராகவே கேட்டார். "சம்சாரமே போயிட்டா. இனிமே இவங்க உனக்கு என்ன முறை?"

"அத்தை முறைதான்," என்று சொல்லிவிட்டு அவர் படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போடப் போனார்.

அந்த விரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு விரிப்பில் விழும் சுருக்கம் பெரிய எதிரி. சுருக்கம் முதுகில் பதியும், பதிந்த இடம் சிவக்கும், சிவந்த இடம் புண்ணாகும். சலவைக்கடைக்காரர் காலையிலும் மாலையிலும் மாமியாரை மெதுவாக ஒருபக்கமாகச் சாய்த்து, பழைய விரிப்பைச் சுருட்டி எடுத்து, கண்ணாடித்தாள் மாதிரி தேய்த்த புது விரிப்பை உள்ளே ஓட விட்டு, மறுபக்கம் சாய்த்து இழுத்துக் கட்டுவார். நாலு மூலையும் விறைப்பாக நிற்கும். ஊசி போட வந்த நர்ஸ் அந்த முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் படுக்கையில் கிடந்தும் ஒரு கீறல்கூட இல்லையே என்று அசந்துபோனாள். "அது என் உடம்பு வாகு," என்றாள் மாமியார். மருமகனைப் புகழ்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. கல்யாணம் ஆன புதிதிலேயே, இவரோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம் என்று மகளிடம் சொன்னவள் அவள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. அவர் அதிகம் பேச மாட்டார், மனைவி செத்தபோது அழவும் இல்லை. அழுவதற்கு நேரம் கிடைக்கவில்லை என்பதே சரி. உடல் வெளியே போன அதே நேரத்தில் மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது.

நிழலுக்குள் குளிர்ச்சி இருக்கிறது என்பது பால் பாத்திரத்தால் தெரியவந்தது. காய்ச்சாத பாலை அந்த இடத்தில் மறந்து வைத்துவிட்டார், மறுநாளும் கெடவில்லை. கையை நீட்டிப் பார்த்தார். விடிகாலைக் காற்றில் நீட்டியது போல் ஜில்லென்று இருந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அன்றைக்கே கட்டிலுக்குச் சக்கரம் மாட்டச் சொன்னார். அதன்பின் வெயில் ஏற ஏற நிழல் நகர்ந்தது, நிழல் நகர நகரக் கட்டில் நகர்ந்தது. உச்சி நேரத்தில் நிழல் சுருங்கும்போது மாமியாரின் தலையும் நெஞ்சுமாவது அதற்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வதற்காகவே கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வருவார். அவர் மட்டும் அந்த நிழலை மிதிக்க மாட்டார். தாண்டிப் போவார், சுற்றிப் போவார், சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் போவார். ஐஸ் மாதிரி அதுவும் எடுக்க எடுக்கத் தீர்ந்துவிடும் என்று அவராக ஒரு கணக்கு வைத்திருந்தார். அப்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இருப்பது கொஞ்சம், அது நோயாளிக்கு ஆகட்டும், நமக்கென்ன, கல் மாதிரி உடம்பு என்பது அவர் எண்ணம். அதுவும் முழு உண்மை இல்லை. ஒருமுறை அதற்குள் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கவே மாட்டோம் என்ற பயம்தான் அவரைத் தள்ளி நிறுத்தியது.

அந்த வருடம் வந்த வெயிலை வெயில் என்று சொல்வது மரியாதைக் குறைவு. புறாக்கள் பறப்பதை விட்டுவிட்டுச் சுவரோரமாக நடந்து போயின. குழாய்த் தண்ணீரில் நேராகக் காபித்தூளைப் போட்டுக் கலக்கிக் குடித்தார்கள். விளக்குக் கம்பங்கள் மதியத்தில் லேசாகத் துவண்டு, இருட்டிய பிறகு நிமிர்ந்தன. சலவைக்கடைக்குள் நீராவி வேறு. மற்றவர்கள் பாதிநாள் கடையை அடைத்துவிட்டார்கள், இவர் அடைக்கவில்லை. கடைக்கும் மாடி வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடித்தால் அடிக்கடி ஒதுங்கப் போக வேண்டும், அந்த நேரத்தில் அத்தை கூப்பிட்டால் என்ன செய்வது என்று தண்ணீரைக் குறைத்தார். மாமியார் கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முகமெல்லாம் செக்கச்செவேல்னு இருக்கு. இப்படி வந்து உக்காருங்க மாப்பிள்ளை. இடம் இருக்குல்ல?"

"பரவாயில்ல அத்தை. கடையில வேலை கிடக்கு."

"வேலை எங்கயும் ஓடிப்போயிடாது."

அவர் நிழலைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்கு இரண்டொரு நாளில் அவருக்கு வேர்ப்பது நின்றது. நல்லதாகப் போயிற்று, தேய்த்த சட்டையில் இனி சொட்டாது என்று சந்தோஷப்பட்டார். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மண்டை பிளக்கிற மாதிரி வலித்தது. ஒரே சட்டைக் காலரைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டு நின்றார். பேன்ட் கேட்டு வந்தவரிடம் ஜன்னல் திரையை மடித்துக் கொடுத்தார், அவரும் மரியாதைக்கு வாங்கிக்கொண்டு போனார். உச்சி தாண்டிய நேரத்தில் எப்படியோ படியேறி வந்து, மாமியாருக்குச் சாப்பாடு கொடுத்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று, தட்டை வாங்குவதற்காகக் கையை நீட்டினார். நீட்டிய கை தட்டுக்கு வரவில்லை. "விரிப்பு காயலையே, மழை வருதே," என்று சம்பந்தமில்லாமல் சொன்னார். ரெண்டடி பின்னால் போய், வாசற்கதவுப் பக்கம் கொதிக்கிற தரையில் சாய்ந்தார். நிழலின் விளிம்பு அவருக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

மாமியார் கத்தினாள். தெருவில் ஒருவரும் அசையவில்லை. அந்த அம்மாள் கத்தாத நாள் எது என்று அவரவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார்கள். கட்டிலை நகர்த்திப் பார்த்தாள், சக்கரம் ஓடாமல் இருக்க மருமகன் வைத்த கட்டை நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்தது. மருமகனின் தோல் காகிதம் மாதிரி உலர்ந்து கிடந்தது. மூச்சு நாய்க்கு வாங்குவது போல வாங்கியது, பிறகு அதுவும் இளைத்தது. இந்த மனிதர் போய்விட்டால் தன் கதி என்ன என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பிற்பாடு அவளே அதை நினைத்து ஆச்சரியப்பட்டாள். தோன்றியதெல்லாம் ஒன்றுதான், இவர் போகக்கூடாது. தன் தலைக்குக் கீழே சுருண்டு கிடந்த மகளின் நிழலைப் பார்த்து அவள் வாயைத் திறந்தாள்.

"குட்டி, போடி. என்னை விட்டுட்டு அவர்கிட்ட போ. எனக்கு நீ வேணாம். பெத்தவ சொல்றேன், காதுல விழலையா? உயிரோட இருந்தப்பவும் சொன்ன பேச்சு கேக்கல, இப்பவும் கேக்க மாட்டியா?"

நிழல் சொல்லுக்கு நகர்வதில்லை. அவள் ஆத்திரம் தாங்காமல், மடியில் இருந்த எவர்சில்வர் தட்டை எடுத்து அதன் மேல் வீச ஓங்கினாள். ஜன்னல் வெயில் தட்டில் பட்டுத் தெறித்தது. நிழல் துள்ளிக் கதவுப் பக்கம் பாய்ந்தது. மாமியார் ஒரு கணம்தான் திகைத்தாள். வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிரே நிழல் விழும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், அவளுக்குத் தெரியாதா. தட்டைக் கட்டிலின் விளிம்புக்குத் தாழ்த்திப் பிடித்தாள். நிழல் நீண்டது. உயிரோடு இருந்தபோது அவள் மகள் எவ்வளவு உயரமோ அதைவிட அதிகமாக நீண்டு, தரையோடு தவழ்ந்து, கிடந்த மனிதரின் பாதத்தைத் தொட்டு, முழங்கால் ஏறி, நெஞ்சு ஏறி, நெற்றிவரை மூடியது. கட்டிலில் குளிர்ச்சி போய் வெயில் மாமியாரின் மேல் விழுந்தது. தண்ணீர் தம்ளரையே ரெண்டு கையாலும் பிடித்தால்தான் சிந்தாமல் குடிப்பவள், அன்று ஒற்றைக் கையால் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சூடேறிய விளிம்பு விரலைச் சுட்டது. அவள் விடவில்லை, திட்டுவதையும் நிறுத்தவில்லை.

கீழ்வீட்டு பெயின்டர் இந்தத் திட்டைக் கேட்டுத்தான் எழுந்து வந்தார். செத்துப்போன மகளைப் பேர் சொல்லித் திட்டுகிறதே, வெயிலில் அம்மாளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று பார்க்க வந்தவர், கதவைத் திறந்ததும் காலடியில் சலவைக்கடைக்காரரைக் கண்டார். குனிந்து தொட்டார். உடம்பு அடுப்பில் வைத்தது போல் கொதித்தது, அதைச் சுற்றி மட்டும் பனிக்காலமாக இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி, ஈரத்துணியைப் போர்த்தி விசிற ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் சலவைக்கடைக்காரரின் மூடிய கண்களிலிருந்து தண்ணீர் வந்தது. முதலில் ஓரத்தில் ஒரு துளி, பிறகு ஒழுக ஆரம்பித்து நிற்காமல் காதுக்குள் இறங்கியது. உதடு மனைவியின் பெயரைச் சொன்னது. அதற்குப் பிறகு நெற்றி வேர்த்தது, கழுத்து வேர்த்தது, உடம்பெல்லாம் வேர்த்தது. அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் ஒரே வழியில் திறந்துகொண்டது போலத் தரை நனைந்தது.

"அழறாரும்மா," என்றார் பெயின்டர்.

"அழட்டும். விசிறுறத நிறுத்தாதீங்க," என்றாள் மாமியார். அவள் கையில் தட்டு இன்னும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இவ்வளவு சூடேறிய உடம்பு வழக்கமாகப் பிழைக்காது, நல்ல நேரத்தில் யாரோ குளிர வைத்திருக்கிறார்கள், யார் அது என்று கேட்டார். அவர் சம்சாரம் என்றார் பெயின்டர். நல்ல கெட்டிக்காரி என்றார் டாக்டர். சலவைக்கடைக்காரர் அங்கே இருந்த நாட்களில் தெருவே முறைபோட்டு மாமியாரைப் பார்த்துக்கொண்டது. ஒருவராலும் அந்த விரிப்பை அவர் மாதிரி இழுத்துக் கட்ட முடியவில்லை. "என் மாப்பிள்ளை கை வராது யாருக்கும்," என்று அவள் ஒவ்வொருவரிடமும் அலுத்துக்கொண்டாள். மெலிந்துபோய்த் திரும்பி வந்தவரைப் பார்த்ததும் அதையெல்லாம் அவள் காட்டிக்கொள்ளவில்லை. கட்டிலில் ஒருபக்கமாக ஒதுங்கிப் படுத்தாள்.

"உக்காருங்க. தீர்ந்தா தீரட்டும்."

அவர் முதன்முறையாகத் தெரிந்தே நிழலுக்குள் காலை வைத்தார். கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, விரிப்பின் ஓரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு மறுபடி அழுதார். மாமியார் ஜன்னலைப் பார்த்தபடி அவர் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். நிழல் அன்று தீரவில்லை, மறுநாளும் தீரவில்லை. அடுத்த கோடையும் அதற்கடுத்த கோடையும் வந்து போயின, அது ஒரு விரல்கடைகூடக் குறையவில்லை. சிக்கனம் பிடித்த மாதமெல்லாம் வீண் என்று அவருக்கு லேசான வருத்தம் உண்டு.

இப்போதெல்லாம் மதியம் கடை பூட்டியிருக்கும். ஆரம்பத்தில் வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். போன வாரம் வேறு பக்கத்திலிருந்து ஒருவர் கோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, கடைக்காரர் எங்கே என்று விசாரித்தார். வாசலில் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த பெயின்டர் திரும்பாமலே பதில் சொன்னார்.

"வீட்ல சம்சாரத்தோட இருக்காரு. வெயில் தாழ வருவாரு."

வந்தவர் கோட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார்.