இடதுகால் சோல்

எங்கள் முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் நேர்கோடு. மேஜையில் பேனா கொஞ்சம் சாய்ந்து கிடந்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். லோகோ வரைகிற ஆபீஸுக்கு அப்படி ஒருவர் வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு அந்தக் கையைக் கட்டிப்போடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

லோகோ கேட்டு வந்தவர் ஷூ தைக்கிற ஒரு அக்கா. பிறவியிலேயே இடது கால் வலதைவிடக் குட்டை. எந்தக் கடை ஷூவும் சரிப்படாமல், இடது சோலைத் தடிமனாக வைத்துத் தானே தைத்துப் போட்டுக்கொண்டவர். இப்போது தன்னைப் போன்றவர்களுக்காகவே கடை திறக்கிறார். அவருடைய பட்டறையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்து நான் வரைந்தது இரண்டே ஷூ, இடது சோல் மட்டும் தடிமன். வரைந்து முடித்ததும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

லோகோவைப் பார்க்க ஆபீஸுக்கு வந்த அக்காவும் அவருடைய அண்ணனும் எதிரே உட்கார்ந்திருக்க, திரையில் வந்ததோ வேறு. இரண்டு சோலும் ஒரே உயரம். காலையில் படத்தைத் திறந்து பார்த்த நேர்கோடு, நான் கவனக்குறைவாகக் கோணலாக வரைந்துவிட்டேன் என்று நினைத்து, நல்ல மனதோடு சமப்படுத்தி வைத்திருக்கிறார். யாருக்காக வரைந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அண்ணனுக்கு அது பிடித்துப்போயிற்று. லட்சணமாக இருக்கிறது என்றார். இது நான் வரைந்தது இல்லை என்று நான் எழுந்தேன். உட்காரச் சொல்லி நேர்கோடு கண்ணைக் காட்டினார். நான் அவர் பக்கமே திரும்பாமல் போர்டுக்குப் போய், மார்க்கரை எடுத்து என் லோகோவை வரைந்து காட்டினேன்.

அண்ணன் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். சின்ன வயதில் தங்கையைக் கேலி செய்தவர்களோடெல்லாம் மல்லுக்கட்டியவர்.

"வர்றவங்களே குறையை மறைக்கத்தான் வர்றாங்க. அதைக் கடை வாசல்லயே எழுதி ஒட்டணுமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா குனிந்தார். வெளியாட்கள் முன்னால் ஷூவைக் கழற்றியதே இல்லை என்று பட்டறையில் என்னிடம் சொன்னவர், இரண்டையும் கழற்றி அந்தக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். நேர்கோட்டின் கை தானாக நீண்டது. ஷூக்களை ஒன்றுக்கொன்று நேராக நகர்த்தினார். அப்போதும் இடது உயரமாகவே நின்றது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுல எதை வெட்டணும், சொல்லுண்ணே," என்றார் அக்கா. "வெட்டிட்டு என்னை நடக்கச் சொல்லு."

அக்கா வெறுங்காலோடு, நன்றாகவே சாய்ந்து சாய்ந்து, போர்டுவரை நடந்து வந்தார். என் படத்தை உற்றுப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"நீயும் பயந்து பயந்துதான் வரைஞ்சிருக்கே," என்று என் கையிலிருந்து மார்க்கரை வாங்கி, இடது சோலுக்கு இன்னும் ஒரு விரல் கனம் கூட்டினார்.